ஐந்தின் மேல் ஒரு புள்ளி

வீட்டில் பழைய பட்டன் போன் ஏதாவது கிடந்தால் எடுத்து, 5-ஆம் எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். கடுகளவு மேடு ஒன்று தட்டுப்படும். டி.வி. ரிமோட்கள் பலவற்றிலும் அது உண்டு. கம்ப்யூட்டர் கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் சின்னக் கோடாக இருக்கும். கண் தெரிந்தவர்கள் பத்து வருஷம் புழங்கினாலும் அதைக் கவனிப்பதில்லை. பார்வையற்றவருக்கோ அந்த மேடுதான் முழுப் பலகைக்கும் ஆதாரம். 5 எங்கே என்று தெரிந்துவிட்டால் மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6, மூலைக்கு ஒன்றாக மற்ற நான்கு. மிச்சமிருக்கும் பூஜ்யம் எட்டுக்கு அடியில். ஒரே ஒரு மேடு, பத்து எண்களும் கைக்குள். தொலைபேசிப் பலகையின் 5-இல் இப்படி ஓர் அடையாளம் வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.161 என்ற பரிந்துரையே சொல்கிறது. அச்சில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி கூடுதலாக வெட்டினால் போதும். தயாரிப்புச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் புள்ளி இப்போது நம் கைகளை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

திருச்சி மலைக்கோட்டை அடிவாரம், என்.எஸ்.பி. ரோடு. தீபாவளி நெருங்கினால் இங்கே நடப்பதே பெரும்பாடு. துணிக்கடை ஒன்றில் புடவை எடுத்து, பில் போட்டாகிவிட்டது. பார்வையற்ற கல்லூரி ஆசிரியை ஒருவர் கார்டை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் இருக்கும் பையன் கார்டைச் செருகி, மெஷினை அவர் பக்கம் நகர்த்துகிறான். அவர் விரல்கள் எண்களைத் தேடுகின்றன. தொட்ட இடமெல்லாம் கண்ணாடி.

“மேடம், இது டச் மெஷின். நம்பரைச் சொல்லுங்க, நானே போட்டுர்றேன்.”

“பின் நம்பரை எப்படித் தம்பி இத்தனை பேருக்கு நடுவுல சொல்றது? பட்டன் மெஷின் இல்லையா?”

“பழசு ஒண்ணு இருந்துச்சு மேடம். மாத்திட்டாங்க.”

பின்னால் வரிசை நீள்கிறது. பையன் நல்லவன்தான், உதவத்தான் நினைக்கிறான். ஆனால் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் மாதாமாதம் குறுஞ்செய்தி அனுப்புகிற நான்கு எண்களை, பெயர் தெரியாத ஒருவரிடம் கூட்டத்தின் நடுவே சொல்லித்தான் புடவையை வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே கார்டைத் தட்டிப் பணம் கட்டலாம் என்று 2021 ஜனவரியிலிருந்து வசதி இருக்கிறது. அதற்குள் முடிகிற பில் என்றால் சங்கடமில்லை. பட்டுப்புடவை எந்தக் காலத்தில் 5,000-க்குள் முடிந்தது?

இந்தச் சிக்கல் முன்பு இருந்ததில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பட்டன் காலத்தில் இதே ஆசிரியை, மெஷினைக் கையில் வாங்கி, 5-ஐத் தேடி, நான்கு எண்ணையும் அழுத்தி, பச்சைப் பட்டனைத் தட்டிவிட்டு நகர்ந்திருப்பார். பச்சை என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பல மெஷின்களில் என்டர் பட்டன்மேல் வட்டமும், கேன்சல்மேல் பெருக்கல் குறியும் புடைப்பாக இருக்கும். தொழில்நுட்பம் வளர்ந்து அவரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது.

எண்பலகை பார்வையற்றோருக்குச் சோறு போட்ட காலமும் உண்டு. வங்கி, ரயில்வே, அரசு அலுவலகங்களில் டெலிபோன் ஆப்பரேட்டர் வேலை என்றால் பார்வையற்றோர் நினைவுக்கு வருவார்கள். நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன் எண்களை மனப்பாடமாக வைத்திருந்து, பேசுகிறவர் குரலைக் கேட்டதும் இணைப்புக் கொடுப்பார்கள். பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் மஞ்சள் பலகை மாட்டிய அந்தச் சின்னக் கூண்டுகள் பலவற்றை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கினார்கள். வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லச் சொல்ல, உள்ளே இருப்பவரின் விரல் பார்க்காமலே ஓடும். செல்போன் வந்து பூத்துகளை மூடியது. அந்தச் செல்போனிலும் பட்டன்தானே என்று அவர்கள் தேற்றிக்கொண்டார்கள்.

இந்த எண்பலகை தானாக முளைத்ததல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லின் என்ற உளவியலாளரின் குழு, எண்களை வட்டமாக, இரண்டு வரிசையாக, சதுரமாக என்று பல விதமாக அடுக்கி, ஆட்களை அழுத்தச் சொல்லிப் பார்த்துத்தான் 1-2-3 மேலே வருகிற இன்றைய அமைப்புக்கு வந்தது. 1963 நவம்பர் 18-ஆம் தேதி பென்சில்வேனியா மாநிலத்தின் இரண்டு சிற்றூர்களில் அது முதலில் பொதுமக்கள் கைக்குப் போனது. கால்குலேட்டரில் 7-8-9 மேலே, போனிலும் ஏ.டி.எம்.மிலும் 1-2-3 மேலே. இந்தக் குளறுபடி இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் இரண்டிலும் நடுவில் உட்கார்ந்திருப்பது 5. புள்ளி நடுவைக் காட்டும். எந்த வரிசை மேலே என்பதைப் புழக்கத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் பார்வையற்ற இளைஞர்கள் கையில் நோக்கியா போன்கள் இருந்தன. சிம்பியன் மென்பொருளில் ஓடிய அந்தப் போன்களில் டாக்ஸ், மொபைல் ஸ்பீக் என்று திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். 2-ஐ மூன்று முறை அழுத்தினால் சி, 7-ஐ நான்கு முறை அழுத்தினால் எஸ். விரலுக்கு மனப்பாடம். வந்த குறுஞ்செய்தியை ஆங்கிலக் குரல் வாசிக்கும். ஆங்கில எழுத்தில் தட்டிய ‘எப்படி இருக்கே’ அந்தக் குரலில் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நண்பர்களின் தமிழை அந்த வெள்ளைக்காரக் குரலிலேயே புரிந்துகொள்ளப் பழகியவர்கள் ஏராளம்.

2007-இல் ஐபோன் வந்தது. முகப்பில் ஒரே ஒரு பட்டன், மற்றதெல்லாம் கண்ணாடி. இத்தோடு நம் கதை முடிந்தது என்றுதான் உலகெங்கும் பார்வையற்றோர் பயந்தார்கள். முடியவில்லை. 2009-இல் ஐபோனில் வாய்ஸ்ஓவர் உள்ளேயே வந்தது; அதே ஆண்டில் ஆண்ட்ராய்டுக்கு டாக்பேக். இரண்டுக்கும் தனியாகக் காசு தர வேண்டியதில்லை. விரலைத் திரைமேல் ஊர்ந்து போக விட்டால், அடியில் எந்த எழுத்து இருக்கிறதோ அதை போன் சொல்லும். வேண்டிய எழுத்து வந்ததும் விரலை எடுத்தால் அது பதிவாகிவிடும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் தடவி, கேட்டு, எடுக்க வேண்டும். தமிழில் கொம்பும் காலும் புள்ளியும் சேரும்போது ஒரு வரி அடிப்பதற்குள் பஸ் ஸ்டாப் வந்துவிடும். பின் நம்பர் என்றால் வேறொரு சங்கடம். போன் எண்ணைச் சத்தமாகச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். சொல்லாவிட்டால் விரல் எங்கே நிற்கிறது என்று இவருக்கே தெரியாது. இயர்போன் இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது. பாதுகாப்பு என்ற பெயரில் ஒவ்வொரு முறையும் எண்களை இடம் மாற்றிக் குலுக்கிப் போடும் வங்கிச் செயலிகள் சிலவற்றை வடிவமைத்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கலாம்.

இங்கேதான் டி.வி. ராமன் வருகிறார். புனேயில் பிறந்து, 14 வயதில் பார்வையை இழந்து, மும்பை ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்த கணினி அறிஞர். கணிதச் சமன்பாடுகளைக் கம்ப்யூட்டர் பேச வைப்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, ஆண்டு 1994. பிறகு கூகுளில் சேர்ந்து, சார்ல்ஸ் சென் என்ற சக பொறியாளருடன் ஆண்ட்ராய்டு போன்களைக் கண்ணில்லாமல் கையாளும் வழிகளைத் தேடினார். கண்ணாடியில் பட்டன் எங்கே என்று விரல் ஏன் தேட வேண்டும், விரல் இருக்கும் இடத்துக்குப் பட்டன் வரட்டுமே என்பது அவர் யோசனை. அவர்கள் உருவாக்கிய எண்பலகையில், திரையில் முதலில் எங்கே விரல் வைக்கிறீர்களோ அதுதான் 5. அங்கிருந்து மேலே இழுத்தால் 2, இடது மேல் மூலைக்கு இழுத்தால் 1. தப்பாகிவிட்டதா, போனை ஒரு குலுக்குக் குலுக்கினால் கடைசி எண் அழிந்துவிடும். பிளாஸ்டிக்கில் இருந்த மேட்டை அவர் பயன்படுத்துகிறவரின் விரல் நுனிக்கே கொண்டுவந்துவிட்டார். இதைவிட நேர்த்தியான எண்பலகையை நான் அறிந்ததில்லை. அது ஏன் ஒவ்வொரு கார்டு மெஷினுக்கும் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு ஆறாத கேள்வி.

எண்ணுக்கு அது சரி. எழுத்துக்கு? அதற்கான விடை 1824-லேயே, பதினைந்து வயதுப் பையன் லூயி பிரெய்லின் கையில் வந்துவிட்டது. திருச்சி புத்தூரில் பார்வைத்திறன் குறையுடைய பெண்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. இத்தகைய பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் பழகுவது பிரெய்ல் சிலேட்டும் ஸ்டைலஸும். கெட்டித் தாளைச் சட்டத்தில் இறுக்கி, வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி மனதில் புரள வேண்டும். ஆறு வயதுக் குழந்தை அதைச் செய்கிறது.

அடுத்த படி பிரெய்லர் என்கிற தட்டச்சுப் பொறி. இடைவெளிக் கட்டை நடுவில், இருபக்கமும் மும்மூன்றாக ஆறு விசைகள். இடக்கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் 1, 2, 3 புள்ளிகளுக்கு. வலக்கையின் அதே விரல்கள் 4, 5, 6 புள்ளிகளுக்கு. ஓர் எழுத்துக்கு வேண்டிய விசைகளையெல்லாம் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். 1951-இல் அமெரிக்காவின் பெர்கின்ஸ் பள்ளி வெளியிட்ட பொறி இது. அதே பெர்கின்ஸ் பிரெய்லர் நம் காட்பாடியில் உள்ள வொர்த் டிரஸ்ட் பட்டறையிலும் தயாராகிறது. தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய நிறுவனம் அது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை ஏற்கப்பட்டதும் இதே 1951-இல்தான். ‘மலை’ என்று எழுதிப் பார்ப்போம். ம-வுக்கு 1, 3, 4: இடக்கை ஆள்காட்டியும் மோதிர விரலும், வலக்கை ஆள்காட்டியும் ஒன்றாக இறங்கும். ல-வுக்கு 1, 2, 3: இடக்கையின் மூன்று விரலும். ஐகாரத்துக்கு 3, 4: இடக்கை மோதிர விரல், வலக்கை ஆள்காட்டி. மூன்று தட்டு, சொல் முடிந்தது. கண்ணால் பார்த்து ஆங்கில எழுத்தில் அடித்து மாற்றுகிறவர் ஐந்து முறை தட்ட வேண்டும்.

விஷயம் என்னவென்றால், ஆறு விரலும் ஒன்றாக இறங்கும் முறைக்குக் கண்ணாடி இடைஞ்சலே இல்லை. எந்த விசையையும் தேட வேண்டாம். விரல்களை வசதியாக வைத்தால் போன் அந்த இடங்களையே ஆறு புள்ளிகளாக எடுத்துக்கொள்ளும். 2012 வாக்கில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக், வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் இதை ஆய்வில் செய்து காட்டின. 2014-இல் ஐபோனிலும், 2020 ஏப்ரலில் ஆண்ட்ராய்டின் டாக்பேக்கிலும் அது வந்தது. போனைப் படுக்கைவாக்கில் இரு கையாலும் பிடித்து, திரையை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, பின்னாலிருந்து தட்டுவார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு, ஒருவர் போனின் முதுகைப் பார்த்துக்கொண்டு விரலாட்டுவதுபோலத் தெரியும். திரைமேல் வலமாக ஒரு தேய்ப்புத் தேய்த்தால் இடைவெளி, இடமாகத் தேய்த்தால் அழிப்பு. பிரெய்லரில் பழகிய கைக்கு இதைக் கற்க நிறைய நாள் தேவைப்படாது. 200 வயதை எட்டிய ஒரு முறை, இந்த நூற்றாண்டின் கருவியில் மற்ற எல்லாவற்றையும்விடக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாலோ கண்நீர் அழுத்தத்தாலோ நாற்பது, ஐம்பது வயதில் பார்வை போனவர்கள் பிரெய்ல் படித்திருக்க மாட்டார்கள். சர்க்கரை பலருக்கு விரல் நுனியின் உணர்ச்சியையும் குறைத்துவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம். அவர்கள் எல்லோரையும் பிரெய்லுக்குள் அடைக்க முடியாது. அதனால்தான் ஏ.டி.எம். பலகையில் பிரெய்ல் ஸ்டிக்கர் ஒட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது தப்பு. 5-இன் மேடு பிரெய்ல் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் பொது.

தமிழ் தட்டச்சிலும் இப்படி ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. பார்வையற்றோரை நினைத்துச் செய்தார்களா என்று தெரியாது, பலன் கிடைத்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், இடக்கைப் பக்கம் பெரும்பாலும் உயிர், வலக்கைப் பக்கம் முழுக்க மெய். நடு வரிசையில் அ, இ, உ என்றால் அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. கோடு போட்ட எஃப் விசையில் புள்ளி, ஜே விசையில் ப. இரண்டு ஆள்காட்டி விரலும் உட்கார்ந்த இடத்திலிருந்து மொழி முழுவதும் ஒரு ஒழுங்கில் கைக்கு எட்டும். போனோடு சின்னக் கீபோர்டை ப்ளூடூத்தில் இணைத்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பார்வையற்ற ஆசிரியர்களுக்கு இதைவிடத் தோதான தளம் கிடையாது. தமிழ்நாடு அரசு பார்வையற்ற மாணவர்களுக்குச் செயலிகளோடு திறன்பேசி கொடுக்கிறது. கூடவே நூறு, இருநூறு ரூபாய்க்குள் ஒரு சின்ன பயிற்சிக் கையேடும், தமிழ்99 பழக ஒரு வாரமும் கொடுத்தால் போனின் மதிப்பு இரட்டிப்பாகும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. பார்வையற்றோருக்கு செக் புத்தகம், ஏ.டி.எம். கார்டு எதையும் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-இல் சொன்னது. அதற்கு முன் மறுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். 2009-இல், புதிதாக வைக்கும் ஏ.டி.எம்.களில் மூன்றில் ஒரு பங்காவது பேசும் மெஷினாக, பிரெய்ல் பலகையோடு இருக்க வேண்டும் என்றது. 2014 ஜூலை 1 முதல் புதியவை அனைத்தும் என்றது. இயர்போனைச் செருகினால் மெஷின் காதுக்குள் பேச வேண்டும். செருகும் துளையில் தூசி அடைத்துக் கிடப்பதும், மெஷின் பேசாமலே இருப்பதும் தனிக்கதை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அன்றாடப் புழக்கத்துக்கான மின்னணுப் பொருள்கள் எல்லோரும் பயன்படுத்தும் வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 42-ஆம் பிரிவில் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆசிட் வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசுன், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் ஆகியோர் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி ஆர். மகாதேவன். அந்த வழக்கின் மையம் இணையவழி அடையாளச் சரிபார்ப்பு. கடையில் இருக்கும் கார்டு மெஷின் இன்னும் யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை.

ஆஸ்திரேலியாவில் பட்டது. அங்கே காமன்வெல்த் வங்கி ‘ஆல்பர்ட்’ என்ற பெயரில் கண்ணாடித் திரை கார்டு மெஷினைக் கடைகளுக்குக் கொடுத்தது. பார்வையற்றவரும் முன்னாள் மாற்றுத்திறனாளி உரிமை ஆணையருமான கிரீம் இன்ஸ் உள்ளிட்டோர் 2018-இல் வங்கியை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அடுத்த ஆண்டு வங்கி சமரசத்துக்கு வந்தது.

நம் ஊர்ப் பெண்கள் நீதிமன்றத்துக்குப் போகும் முன் வேறொன்று செய்துவிடுவார்கள். இன்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் எல்லாம் வழவழப்பான பலகையோடு வர ஆரம்பித்ததும், கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஆன் பட்டன்மேல் ஒன்று, சூடு கூட்டும் இடத்தில் ஒன்று என்று ஒட்டிக்கொண்டார்கள். ஐந்து ரூபாய்ப் பொட்டு அட்டையில் அடுப்பு வசமாகிவிடும். கார்டு மெஷினில் இந்த உத்தி செல்லாது. மாடலுக்கு மாடல் எண்பலகை திரையில் வேறு இடத்தில் வரும். மேலே புடைப்புச் சட்டம் மாட்டினாலோ, கார்டு திருடர்கள் மாட்டும் போலிப் பலகையோ என்று சந்தேகம் வரும். அப்படிச் சந்தேகப்படுவதும் சரியே.

திருச்சியைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள். வருஷா வருஷம் கண்காட்சியில் இறுதியாண்டு மாணவர்கள் பார்வையற்றோருக்கு ஒரு ‘ஸ்மார்ட் ஸ்டிக்’ செய்து வைத்திருப்பார்கள். பார்வையற்றவர் யாரிடமாவது கேட்டீர்களா தம்பி என்றால் சிரிப்பார்கள். பி.எச்.இ.எல். நிறுவனத்துக்காக ஆர்பிட் பட்டறையில் பார்வையற்ற தொழிலாளர்கள் இயந்திரங்களில் நின்று உதிரிபாகம் செய்த ஊர் இது. விரலால் அளவு பார்க்கத் தெரிந்தவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவர்களோடு உட்கார்ந்து, முதல் தொடுகையை 5 ஆக்கும் ராமனின் யோசனையைக் கார்டு மெஷினில் காதுக்குள் பேசும் குரலோடு ஓட்டிக் காட்டினால், பத்து ஸ்டிக்குக்குச் சமம்.

அதுவரை பட்டன் வைத்த மெஷின்கள் சந்தையில் இன்னும் கிடைக்கின்றன, விலையும் குறைவு. கடைக்காரர் வங்கியிடம் மாத வாடகை கட்டித்தான் மெஷின் எடுக்கிறார். எந்த மாடல் வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. பத்து கவுண்டர் இருக்கிற கடையில் இரண்டு பட்டன் மெஷின் போதும். ஆயிரக்கணக்கில் மெஷின் வாங்க மும்பைத் தலைமையகங்களில் டெண்டர் எழுதுகிறவர்கள், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும், பேப்பர் ரோல் எத்தனை மில்லிமீட்டர் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எண்கள் தொட்டால் தெரிய வேண்டும், 5-இல் மேடு இருக்க வேண்டும் என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால், அடுத்த தீபாவளிக்கு அந்த மெஷின்கள் என்.எஸ்.பி. ரோட்டுக்கும் வந்துவிடும்.